சுத்துகிற வட்டமும் கேட்பவரின் காலமும்

'நேரலை' என்கிற சொல்லை முதலில் சந்தேகிப்போம். ஒரே அறையில் இரண்டு செல்போன்களில் ஒரே நிலையத்தை இணையத்தில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று சொல்லி முடித்ததை மற்றது சில நொடி கழித்துச் சொல்லும். ரெண்டுலயும் 'நேரலை' என்றுதான் போட்டிருக்கும்.

இணையத்தில் ஒலி சிறு பொட்டலங்களாக வருகிறது. சில முந்தும், சில பிந்தும், சில வராமலே போகும். எனவே பிளேயர் வந்ததை உடனே ஒலிக்காமல் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்கிறது. இந்தச் சேமிப்புதான் பஃபர். ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறை ஒலியைத் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறது. வழக்கமான எச்எல்எஸ்ஸில், பிளேயர் மூன்று துண்டாவது பின்தங்கியே தொடங்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. துண்டு 6 நொடி என்றால், குறைந்தது 18 நொடிப் பழசைத்தான் கேட்கிறோம்.

18 நொடியில என்ன குடி முழுகிடும் என்பார்கள். லப்பைக்குடிக்காட்டில் நோன்பு திறக்கும் பாங்கை இப்படிக் கேட்டால் பாதகமில்லை. சஹர் முடிவை இப்படிக் கேட்டால், நேரம் முடிந்த பிறகும் கை சோற்றில் இருக்கும்.

தேசத்தைக் கற்பிதச் சமூகம் என்று 1983இல் எழுதிய பெனடிக்ட் ஆண்டர்சன், முகம் தெரியாதவர்களும் ஒரே காலத்தில் வாழ்கிறோம் என்று உணர்வதை அதற்கு அடித்தளமாக்கினார். வானொலி அந்த உணர்வைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. டீக்கடையில் விட்ட வரியை அடுத்த வீட்டுத் திண்ணையில் பிடித்துக்கொள்ளலாம். பிளேயரோ காதுக்கொரு காலம் தருகிறது. இதற்காக வானொலிக்கு ஒப்பாரி வைக்க நான் தயாரில்லை. அதுவும் மையத்திலிருந்து ஒருவழியாகப் பேசிய அதிகாரக் குரல்தான்.

என் கேள்வி வேறு. சேமிப்பு தீர்ந்தால் பிளேயருக்கு இரண்டு வழி. நின்று, சேர்த்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சொல் மிஞ்சும், காலம் பிந்தும். அல்லது தாவி நிகழ்காலத்தைப் பிடிக்கலாம்; காலம் மிஞ்சும், சொல் போகும். எதை இழப்பது என்று யாரைக் கேட்டு முடிவு பண்ணாங்க?

வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகள் இந்த ஊரில் ஏராளம். இணையம் வழியே பேசும்போது உரையாடல் காத்திருக்காது. இணைய அழைப்புகளில் பரவலாக உள்ள ஓபஸ் (2012) பெரும்பாலும் 20 மில்லிநொடித் துண்டுகளில் இயங்குகிறது. ஒரு துண்டு தொலைந்தால், முந்தைய ஒலியை வைத்து ஊகித்து நிரப்பமுடியும். தாய் பேசாத ஒரு துணுக்கைத் தாயின் குரலிலேயே இயந்திரம் பேசிவிடுகிறது.

வானொலியின் கரகரப்பில் இழப்பு காதில் விழுந்தது. பிளேயர் அதைப் பூசி மெழுகுகிறது. முடியாதபோது வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். 'உங்க பக்கம் டவர் இல்ல' என்று பழி கேட்பவர் தலையில். டவர் எங்கே அடர்த்தி, எங்கே அரிது என்பதில் சந்தைக் கணக்கு இருப்பதை வட்டம் சொல்லாது.

காலத்தையும் சொல்லையும் பங்கிடுகிற தீர்ப்பு ஒன்று பஃபருக்குள் எழுதப்பட்டிருக்கிறது. எத்தனை நொடி பின்னால் இருக்கிறேன் என்று பிளேயர் காட்டட்டும். நிற்பதா தாவுவதா என்பதைக் கேட்பவர் முடிவு செய்யட்டும்.