எண்ணெய் வைக்காமல் வாருங்கள்

ஹெட்போன் பிரியர்கள் கூடும் இடத்துக்கு முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை: அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். சிரிக்க வேண்டாம். ஒரே கருவி பத்துப் பேர் தலையில் ஏறி இறங்கப் போகிறது. காதைச் சுற்றி உட்காரும் மெத்தையில் தேங்காய் எண்ணெய் ஊறிவிட்டால் மெத்தையையே மாற்ற வேண்டியதுதான். ஜெல், அத்தர், நெற்றியில் ஈரச் சந்தனம் எல்லாம் வீட்டோடு இருக்கட்டும். பெரிய ஜிமிக்கியைக் கழற்றிக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடிக் காம்பு தடிமனாக இருந்தால் மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்கு விழும். மூடிய வகை ஹெட்போனில் அந்த இடுக்கு வழியாக பேஸ் கசிந்து போய்விடும். காதுக்குள் செருகும் வகையைக் கேட்க ஆசை என்றால் உங்கள் ரப்பர் முனைகளை நீங்களே கொண்டுபோங்கள். அடுத்தவர் காதில் இருந்ததை அப்படியே எடுத்து மாட்டுவது இங்கே பெரிய அபசாரம்.

இப்படிப்பட்ட கூட்டத்தில் நடப்பது இவ்வளவுதான்: அவரவர் கருவியை மேசையில் வைப்பார்கள், ஒருவருடையதை மற்றவர் கேட்பார். சிங்கப்பூருக்கு 2016-இல் வந்த கேன்ஜாம் போன்ற பெரிய நிகழ்ச்சிகளில் நிறுவனங்களே மேசை போடும். நம் மதுரைக்கு அவ்வளவு தேவையில்லை. கே.கே. நகரில் யார் வீட்டு மாடியறையாவது கிடைத்தால் போதும். ஆனால் மின்விசிறி இரைச்சல் இருக்கும். சித்திரை வெயிலில் அதை நிறுத்தச் சொல்லவும் முடியாது. திறந்த வகை ஹெட்போனில் வெளிச் சத்தம் உள்ளே வரும், உள்ளே ஓடும் பாட்டு வெளியே போகும். சென்ஹைசர் 1968-இல் எச்டி 414 மூலம் இந்த வகையைக் கொண்டுவந்த நாளிலிருந்து அதன் சுகமும் சங்கடமும் அதுதான். அதனால் விசிறி தேவைப்படாத விடிகாலையில் கூடுவது நல்லது.

அதே 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்கு நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஹெட்போனைச் சோதிக்க வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் ஆங்கிலப் பாட்டுகளைத் தேடி அலையாதீர்கள். நமக்கு நாதஸ்வரம் இருக்கிறது. வாயில் வைத்து ஊதும் சீவாளியில் பிறக்கும் ஒலியில் மேற்சுரங்கள் மிக வலுவானவை. மனிதக் காது கூர்மையாக உணர்வது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. ஹெட்போன் அந்த இடத்தைத் தூக்கிக் காட்டினால் அரை நிமிடத்தில் காது வலிக்கும். அமுக்கிவிட்டால் நாதஸ்வரம் கிளாரினெட் மாதிரி சாதுவாகிவிடும். அதுவும் தப்புதான். நாதஸ்வரம் என்றால் கொஞ்சம் காரம் வேண்டும். கோயில் வாசலில் நின்று கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தக் காரத்தின் அளவு தெரியும்.

அடுத்து தவிலைக் கவனியுங்கள். வலது கை விரல்களில் கூடு மாட்டி வலப்பக்கமான வலந்தலையில் அடிப்பார்கள், இடது கைக் கழி இடப்பக்கமான தொப்பியில் விழும். நல்ல கருவியில் கூட்டின் 'டக்'கும் கழியின் கனமும் தனித்தனியாகப் பிரியும். சுமாரான கருவியில் எல்லாம் ஒரே உருட்டல். பழைய பதிவுகள் மோனோ என்பதால் பாட்டு நடு மண்டையில் உட்கார்ந்திருக்கும். அதற்கு ஹெட்போனைக் குறை சொல்லக் கூடாது. இடம் வலம் பிரிவதைக் கேட்க இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) இருக்கிறது. வயலின்கள் எங்கே நிற்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு தேடலாம்.

எந்தப் பாட்டானாலும் உங்களுக்கு மனப்பாடமானதாக இருக்கட்டும். இழப்பில்லாத வடிவத்தில் போனிலேயே இறக்கி வையுங்கள்; அங்கே போய் நெட்வொர்க்கைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. இன்றைய போன்களில் பலவற்றுக்கு ஹெட்போன் துளையே கிடையாது. சின்ன டாங்கிள் ஒன்றும், 3.5 மில்லிமீட்டர் பின்னை 6.3-க்கு மாற்றும் அடாப்டர் ஒன்றும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

"அண்ணே, இதக் கேட்டுப் பாக்கலாமா?" என்று கேட்காமல் எதிலும் கை வைக்காதீர்கள். தூக்கும்போது இரண்டு கையாலும் தூக்குங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் பின்னைப் பிடித்துக் கழற்றுங்கள். வால்வ் ஆம்ப்ளிஃபையர் என்றால் அந்தக் கண்ணாடிக் குழாய் கையைச் சுட்டுவிடும். ஒலியைக் குறைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும், அடுத்தவருக்குக் கொடுக்கும்போதும் அப்படியே. இரண்டு பாட்டு, மிஞ்சினால் மூன்று. பின்னால் ஆள் நிற்கிறார். மாட்டிக்கொண்டே பேசாதீர்கள், உங்களுக்குத் தெரியாமலே கத்துவீர்கள். விலையைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்டுவிட்டால் காதுக்கு முன்னால் விலைதான் தீர்ப்புச் சொல்லும். பிடிக்கவில்லை என்றால் "எனக்குச் சரிப்படல" என்று சொன்னால் போதும். ஆசையாகச் சேர்த்த காசில் வாங்கியவர் முகத்துக்கு நேரே அதைக் குப்பை என்பது நாகரிகமில்லை.

ஒப்பிடும்போது இரண்டிலும் ஒலியளவு ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு துளி கூடுதலாக ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும். கடைக்காரர்களுக்கும் இது தெரியும். முந்தின நாள் இரவு திருவிழா ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றிருந்தால், அன்றைக்கு எந்தக் கருவியைப் பற்றியும் முடிவு சொல்லாதீர்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஒரே பகலில் பத்துக் கருவியைச் சத்தமாகக் கேட்டால் ஐந்தாவதுக்கு மேல் காது பொய் சொல்லும். நடுவில் எழுந்து வெளியே போய் ஒரு ஜிகர்தண்டா குடியுங்கள். திரும்பி வந்ததும் கையைக் கழுவிவிட்டு மேசைக்கு வாருங்கள். எது பிடித்திருந்தாலும் அன்றே வாங்க வேண்டாம், ஒரு வாரம் போகட்டும்.