ஆமையும் அடும்பும்: அகநானூற்று 160-ஆம் பாட்டு

குமுழி ஞாழலார் நப்பசலையார் பாடிய அகநானூற்று 160-ஆம் பாட்டில், ஆமை முட்டையிடும் காட்சி ஒன்று வருகின்றது. சூல் முதிர்ந்த ஆமை அடும்பின் கொடியைச் சிதைய இழுத்து, கழியை அடுத்த வெண்மணற் குவியலில் முட்டைகளை மறைத்துப் புதைக்கின்றது. குஞ்சு வெளிப்படுங்காறும் ஆண் ஆமை அவற்றைக் காக்கின்றது. இதனைத் தலைவன் நாட்டுக்கு அடை என்று கூறி அப்பாற் செல்வது எளிது. ஆயினும் அவ்வளவில் விடத்தக்கதன்று இது.

முட்டைக்குப் புலவர் கூறும் உவமை தந்தத்தாற் செய்த வட்டு. அதன் புலால் நாற்றத்தையும் மறந்திலர். அடும்பு, அலை நாள்தோறும் ஏறாத மேட்டுமணலிற் படர்வது. கடல்நீர் மூடும் மணலில் முட்டை கெடும். ஆதலின் ஆமை அவ்வெல்லையைக் கடந்து ஏறுகின்றது. எனவே, அடும்பு ஈண்டு அழகுக்காக வந்ததன்று; இடம் குறித்து வந்தது.

ஆண் காக்கும் என்பது மட்டும் உயிர்நூலோடு பொருந்தாது. கடலாமையுள் ஆண் முட்டையைக் காப்பதில்லை. பெண்ணும் புதைத்தபின் கடலுக்கு மீளும். பங்குனி ஆமையின் குஞ்சுகள் ஏறத்தாழ 45 முதல் 60 நாளில் துணையின்றியே வெளிவரும். இது புலவரது அறியாமை எனின், யான் உடன்படேன். பாட்டின் முடிவை நோக்குக: முன்பு இரவில் மறைந்து வந்த தலைவன் தேர், இன்று ஊர் காணப் பகலில் வருகின்றது. மறைத்த முட்டை களவு. குஞ்சின் வெளிப்பாடு அக்களவு வெளிப்படுதல். இடைப்பட்ட காலத்துக்குக் காவலன் ஒருவன் வேண்டும். அவ்வுள்ளுறைக்காகவே கணவன் மணல்மேல் நிறுத்தப்பட்டான் என்க.

இவ்வுள்ளுறை முழுதும் மேட்டுமணலையே பற்றி நிற்கின்றது. அம்மணலோ இன்று பல இடங்களில் இல்லை. சோழமண்டலக் கரையில் அலைகள் ஓராண்டிற் கொண்டுசெல்லும் மணல், வரவும் செலவும் கழித்து நோக்கின், வடக்கு நோக்கியே நகர்வது. சென்னைத் துறைமுகக் கட்டுமானம் 1876-இல் தொடங்கியபின், அதன் கல்லணைகள் அம்மணலைத் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. 1980-களிற் கட்டிய புதுச்சேரித் துறைமுகமும் வடபால் இதனையே செய்தது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்களால் வீடுகள் சில பிழைத்தன. ஆனால் கற்குவியலின்மேல் ஆமை ஏறாது, கட்டுமரத்தை இழுத்து நிறுத்தவும் இயலாது. இதனைக் ‘கடல்கோள்’ என்னும் பழஞ்சொல்லாற் குறித்தல் பொருந்தாது. கடல் தானே சினந்து கொண்டதன்று இது.

கடலினுள்ளும் ஆமைக்கு இடர் உண்டு. 2025 சனவரியில், சென்னையிலும் அதனை அடுத்த கரைகளிலும் 1,000-க்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலையுட் பட்ட ஆமை, மூச்சுக்கு மேலெழ இயலாமல் மடிவது.

அடும்பையே காணாத மாணவர் இனி இப்பாட்டைப் பயில்வர். ‘ஒருவகைக் கொடி’ என்னும் குறிப்பு அவர்க்குப் போதாது. அலை எட்டாத மணலிற் படர்ந்து, அம்மணலைப் பிணித்து நிறுத்துவது என்பதனையும் உரையிற் சேர்த்தல் வேண்டும்.