'திருத்தம்' என்னும் ஒரு சொல்

பழைய நூல்களைப் பதிப்பிப்போர் தம் முன்னுரையில், "சிற்சில திருத்தங்கள் செய்துள்ளோம்" என ஒரு வரி எழுதி அமைவதைப் பலகாலும் காண்கிறோம். எத்தகைய திருத்தம், எவ்விடத்தில், எந்த உரிமையில் என்பன அவ்வரியில் இரா. 'திருத்தம்' என்னும் ஒரு சொல்லே யாவற்றையும் போர்த்து விடுகிறது. இத்தகைய சிறு செயல்களுக்கு ஆங்கிலம் வழங்கும் சொற்களை ஒப்புநோக்கின், நாம் காட்டத் தவறும் வேறுபாடுகள் தெளிவாகும்.

'அட்ஜஸ்ட்' என்பது பொருத்தியமைத்தல். கடிகார முள்ளை உரிய நேரத்திற்குக் கொணர்வது அது. கடிகாரம் வேறாகி விடுவதில்லை. 'ட்வீக்' என்பதன் முதற்பொருள் கிள்ளித் திருகுதல். காதையும் மூக்கையும் திருகுதற்கு வழங்கிய அச்சொல், இருபதாம் நூற்றாண்டிலேதான் பொறிகளை நுண்ணிதாகச் சீராக்குதலைக் குறிக்கலாயிற்று. பாத்திரம் ஒட்டுவோரின் பெயரிலிருந்து பிறந்த 'டிங்கர்', தேர்ச்சியின்றித் தட்டிக்கொட்டிப் பார்த்தலைச் சுட்டும்.

'அமெண்ட்', 'எமெண்ட்' என்னும் இரண்டும் குற்றம் களைதலைக் குறிக்கும் ஒரே இலத்தீன் வினையின் வழி வந்தவை. முன்னது பெரும்பாலும் சட்டத்துக்கு உரியது. இந்திய அரசியலமைப்பின் முதல் திருத்தம் 1951-இல் நிறைவேறியது. அது எண்ணும் ஆண்டும் பெற்று எவரும் காணுமாறு நிற்கிறது. பின்னது சுவடிப் பாடத்துக்கு உரியது. படியெடுத்தோர் பிழையை நீக்கி ஆசிரியரின் சொல்லை மீட்க முயல்வது. இவற்றின் அருகே 'டாம்பர்' என்றொரு சொல்லும் உண்டு. களிமண்ணைப் பதப்படுத்தலைக் குறித்த சொல்லின் திரிபாகிய அது, இன்று உரிமையின்றிக் கைவைத்தலைக் குறிக்கிறது.

மாற்றம் ஓரெழுத்தளவே ஆயினும், அது இவற்றுள் எதுவாகவும் இருத்தல் கூடும். நோக்கமும் உரிமையுமே அதனைத் தீர்மானிக்கின்றன.

நம் இலக்கியத்திலிருந்தே ஒன்று காட்டுவோம். உமறுப்புலவரின் சீறாப்புராணம் 1842-இல், ஷைகு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை ஆலிம் அவர்களால் முதன்முதல் அச்சேறியது. அக்காப்பிய மரபில் வந்த புலவர்கள் அறபுப் பெயர்களைத் தமிழ் ஒலிக்கு இசைத்தே பாடினர். 'உதுமான்' என்று செய்யுளில் நிற்பதை, ஒலிப்புச் செம்மை கருதி 'உஸ்மான்' என ஒருவர் மாற்றுவதாகக் கொள்வோம். நிரை நேர் என நின்ற சீர் நேர் நேர் ஆகிவிடும். 'து' எதுகையாக அமைந்த இடமாயின் அதுவும் அழியும். அவர் நல்லெண்ணத்துடன் செய்தாரெனினும் புலவரின் சொல் மீளவில்லை, மறைந்தது. இதனை 'எமெண்ட்' என்னலாகாது. 'டாம்பர்' என்பதே பொருந்தும்.

இவ்வகையில் நம் முன்னோரிடம் சீரிய முறையொன்று இருந்தது. ஹிஜ்ரி 643-இல் (கி.பி. 1245) மறைந்த இப்னுஸ் ஸலாஹ், ஹதீஸ் கலை பற்றிய தம் நூலில் ஏட்டுப் பிழைகளைப் பற்றி ஆராய்கிறார். பிழையெனத் தோன்றுவதை மூலத்தில் உள்ளவாறே விடுத்து, அதன்மீது 'தள்பீப்' எனும் குறியிட்டு, சரியான வடிவத்தை ஓரத்தில் எழுதும் முறையை அவர் எடுத்துரைக்கிறார். பிழையென நாம் கருதியதே சரியாக இருத்தலும் கூடும் அன்றோ? மூலம் நின்றால் பின்வருவோர் அதனை உணர்வர்.

ஆதலின் பதிப்பாசிரியர்களை நாம் வேண்டுவது இதுவே. அச்சுப்பிழை நீக்கம், பாடத்திருத்தம், எழுத்துமுறை மாற்றம் என வேறு வேறாகப் பெயர் சுட்டுக. செய்யுளில் மூலத்தை நிறுத்தி, தம் கருத்தை அடிக்குறிப்பில் தருக. எஞ்சியதை வாசகர் முடிவுசெய்து கொள்வர்.