ஏஜென்ட் வீட்டுக்கு மட்டும் ஏன் பத்து நாள் கூடுதல்?

லண்டனில் தன் ஃப்ளாட்டை விற்க நினைக்கும் நண்பர், ‘ஏஜென்ட்டை முதல்ல கூப்பிடணுமா, வீட்டை முதல்ல ஒழுங்கு பண்ணணுமா?’ என்று கேட்டார். கேட்ட கையோடு, ‘எப்படியும் அவங்க நம்மள அவசரப்படுத்தி வித்துடுவாங்க, ஃப்ரீக்கனாமிக்ஸ்ல படிச்சிருக்கேன்’ என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னை எழுத வைக்கிறது.

ஸ்டீவன் லெவிட்டும் ஸ்டீபன் டப்னரும் எழுதிய அந்தப் புத்தகம் வந்தது 2005இல். அதில் பலருக்கும் நினைவிருப்பது வீட்டு ஏஜென்ட் கணக்கு. 3 லட்சம் டாலர் வீட்டை 10,000 டாலர் கூடுதலாக விற்றால் உரிமையாளருக்குக் கொண்டாட்டம். ஏஜென்ட்டுக்கு? அமெரிக்காவில் அப்போது வழக்கமாக இருந்த 6 சதவீதக் கமிஷன் இரு தரப்பு ஏஜென்ட்டுகளுக்கும் அவர்களுடைய நிறுவனங்களுக்கும் பங்குபோய், அவர் கையில் நிற்பது ஒன்றரை சதவீதம். அதாவது 150 டாலர். அதுக்காக யார் இன்னும் ரெண்டு வாரம் அலைவார்? ‘இதைவிட நல்ல விலை வராது, முடிச்சுடலாம்’ என்பார்.

இதற்குப் பின்னால் உள்ள ஆய்வுக் கட்டுரையை லெவிட், சாட் சைவர்சனுடன் சேர்ந்து 2008இல் வெளியிட்டார். சிகாகோ வட்டாரத்தில் சுமார் ஒரு லட்சம் வீட்டு விற்பனைகள். ஏஜென்ட்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது 9.5 நாள் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள், 3.7 சதவீதம் கூடுதல் விலை பெறுகிறார்கள். கட்டுரை கவனமாக எழுதப்பட்டது. உரிமையாளரைவிட ஏஜென்ட்டுக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கும் இடங்களில் இந்த இடைவெளி பெரிதாகிறது என்பதையும் காட்டுகிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை புத்தகம் சொல்லும் கதையோடுதான். அந்த 9.5 நாளை அது ஏஜென்ட்டின் உழைப்பாக மட்டுமே பார்க்கிறது. விற்பவருக்கு அது என்ன? பத்து நாளும் வீடு யாரோ வந்து பார்க்கும்படி இருக்க வேண்டும். சிங்க்கில் பாத்திரம் கிடக்கக் கூடாது, கருவாடு வறுக்கக் கூடாது, குழந்தையின் பொம்மைகள் கட்டிலுக்கு அடியில் போக வேண்டும். அடுத்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்தவர் என்றால் தூக்கமும் இருக்காது. இப்படிப்பட்டவரை ஏஜென்ட் அவசரப்படுத்தத் தேவையே இல்லை, அவரே அவசரத்தில்தான் இருக்கிறார். இரண்டு அவசரங்களும் கைகுலுக்கிக்கொள்கின்றன. புத்தகத்தில் ஒன்றுக்குத்தான் இடம்.

இன்னொன்று. புத்தகத்தின் கதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தொடங்குகிறது. நண்பரின் கேள்வி அதற்கு முந்தியது. இங்கிலாந்தில் கமிஷன் அமெரிக்காவைவிட மிகக் குறைவு. வீட்டைப் பார்த்து விலை சொல்வது பெரும்பாலும் இலவசம். மூன்று ஏஜென்ட் வந்தால் மூன்று பேரும் ஒப்பந்தத்துக்குப் போட்டி போடுகிறவர்கள். அந்த நேரத்தில் விலையைக் குறைத்துச் சொல்ல யாருக்கு மனசு வரும்? முதலில் ஏற்றிச் சொல்வார்கள். தனி ஏஜென்ஸி ஒப்பந்தத்தில் பல வாரங்களுக்குக் கட்டிப்போட்ட பிறகு, ‘மார்க்கெட் கொஞ்சம் டல்லா இருக்கு’ என்பார்கள். ஃப்ரீக்கனாமிக்ஸ் படித்துவிட்டுக் குறைந்த விலைக்கு மட்டும் பயந்துகொண்டிருப்பவர் இந்த இடத்தில்தான் மாட்டுவார்.

முதலில் காதில் விழுந்த எண் லேசில் போகாது. நார்த்கிராஃப்ட்டும் நீலும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், அரிசோனாவின் டூசான் நகரத்து ஏஜென்ட்டுகளை ஒரே வீட்டுக்குள் அனுப்பி, ஆளுக்கொரு அறிவிப்பு விலையைக் காட்டினார்கள். காட்டிய விலை ஏற ஏற அவர்களுடைய மதிப்பீடும் ஏறியது. அந்த விலையைப் பார்த்தா மதிப்பிட்டீர்கள் என்று கேட்டால், பெரும்பாலானோர் இல்லை என்றார்கள். தொழில்காரர்களுக்கே இந்தக் கதி என்றால், வரவேற்பறையில் காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கும் உரிமையாளர் எம்மாத்திரம்?

அதனால் வீட்டை ஒழுங்கு பண்ணுவது முதலில் வரட்டும். ஆனால் பெயின்ட்டைவிட முக்கியமானது காகிதம். இங்கிலாந்தில் ஃப்ளாட் என்றால் பெரும்பாலும் நிலம் நம்முடையது இல்லை, நீண்ட காலக் குத்தகைதான். அதில் எத்தனை ஆண்டு மிச்சம் என்பது சமையலறை டைல்ஸைவிட விலையை அதிகம் அசைக்கும்; 80 ஆண்டுக்குக் கீழே போன ஃப்ளாட் என்றால் வாங்குபவர் முகம் மாறும். மின்திறன் சான்றிதழ், கட்டட நிர்வாகத்திடமிருந்து வர வேண்டிய கோப்பு இவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். இவற்றைத் தேடத் தொடங்கிவிட்டு, அக்கம்பக்கத்து ஃப்ளாட்டுகள் உண்மையில் என்ன விலைக்குப் போயின என்பதை நிலப் பதிவேட்டில் பார்த்து நம் எண்ணைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, பிறகு ஏஜென்ட்டுகளைக் கூப்பிடலாம். மூவரையும் ஒரே வாரத்தில். அன்றே யாரிடமும் கையெழுத்து வேண்டாம்.

புத்தகத்தில் நான் நண்பருக்குப் பரிந்துரைக்கும் பகுதி வேறு: விளம்பரச் சொற்களைப் பற்றியது. ‘கிரானைட்’, ‘மேப்பிள்’ என்று பொருளைச் சொல்லும் சொற்கள் கூடுதல் விலையோடு வருகின்றன. ‘அற்புதமான’, ‘வசீகரமான’ போன்றவையும் ஆச்சரியக்குறியும் குறைந்த விலையோடு வருகின்றன. ஏஜென்ட் விளம்பர வரைவை அனுப்பும்போது அதில் எத்தனை ஆச்சரியக்குறி என்று எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.