கரையைப் பார்த்துக் கடலை அறிதல்

தூண்டில்காரரைப் புகழ வேண்டுமென்றால் அவருடைய பொறுமையைப் புகழ்வது நம் வழக்கம். கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல நினைத்தால் துணிச்சலையும் சேர்த்துக்கொள்வோம். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டுமே ஆளின் குணத்துக்குச் சேரும் புகழ்; கலைக்குச் சேர்வதில்லை. குமரிக் கரையிலிருந்து விடியுமுன் சிறு வள்ளத்தில் கலவா பிடிக்கப் போகிறவரின் கலை வேறோர் இடத்தில் இருக்கிறது. அவர் முதலில் தேடுவது மீனை அல்ல, இடத்தை. ஒரு குறியும் இல்லாத நீர்ப்பரப்பில், கரையை மட்டும் பார்த்துக்கொண்டே போய், நாற்பது ஐம்பது பாகம் கீழே கிடக்கும் ஒரு பாறையின் தலைக்கு நேர்மேலே வள்ளத்தை நிறுத்துகிறார். தூண்டில் தண்ணீரில் விழும் முன்பே அந்தக் கலையின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது என்பது என் எண்ணம். மீன்பிடித்தலைப் பற்றிய நம் ரசனை இழுத்துப் போட்ட மீனின் எடையிலேயே நின்றுபோவதால், இந்தப் பெரும்பகுதி நம் கண்ணில் படாமலே போகிறது.

கலவா பாறையை விட்டு அகலாத மீன். பொந்தோ இடுக்கோ தனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டு, வாயருகே இரை வரும்வரை அசையாமல் காத்திருக்கும். சாளைக் கூட்டத்தைக் கடலின் நிறமும் மேலே சுற்றும் பறவைகளும் காட்டிக்கொடுத்துவிடும்; கலவாவைக் காட்டிக்கொடுக்க மேலே எதுவும் இல்லை. ஏற்றுமதிச் சந்தையில் இதை ‘ரீஃப் காட்’ என்று எழுதுகிறார்கள். வட அட்லாண்டிக்கின் காட் மீனுக்கும் இதற்கும் உறவு கிடையாது; அது குளிர்நீர் மீன், நம் கடலில் இல்லை. ஆனால் அந்த மீனைத் தேடிப்போன சிறு படகுக்காரர்களின் வித்தையும் நம்மவர் வித்தையும் ஒன்றேதான். நார்வேயின் மீனவர்கள் மலை முகட்டையும் தேவாலயத்தையும் ஒரே கோட்டில் வைத்துக் கடலுக்கடியிலுள்ள மேட்டைக் கண்டுபிடித்தார்கள். நியூஃபவுண்ட்லாந்துக் கரையிலும் அப்படித்தான். 1952இல் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் ஒப்பந்தம் செய்து, மறு ஆண்டு நார்வேக்காரர்கள் கொல்லத்துக்கு வந்தார்கள். இயந்திரமும் ஐஸும் நைலானும் அந்தத் திட்டத்தின் பெயரால் நினைக்கப்படுகின்றன. இரு கரைக்காரர்களும் ஏற்கெனவே ஒரே அறிவைத் தனித்தனியாக வளர்த்து வைத்திருந்தார்கள் என்பதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. எனக்கு அந்தச் சந்திப்பில் மிகவும் சுவையான செய்தி அதுதான்.

திருவனந்தபுரம், குமரிக் கரைகளில் இந்த வித்தைக்குக் கணிச்சம் என்று பெயர். கடல் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் உள்நாட்டு ஊரான நாட்றம்பள்ளியில் இருந்துகொண்டே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஊருக்குக் கிழக்கே ஏலகிரி. வெட்டவெளியில் நின்று, நடுவில் தெரியும் ஒரு செல்போன் கோபுரத்தை மலையின் ஏதாவது ஒரு முகட்டுக்கு நேராக வைத்துப் பாருங்கள். வலப்பக்கம் நாலடி நகர்ந்தால் கோபுரம் முகட்டை விட்டு இடப்பக்கம் விலகும். மலையை நோக்கி நேரே நடந்தால் விலகாது. அதாவது அந்த இரண்டு பொருள்களும் சேர்ந்து தரையில் ஒரு கோடு போட்டுவிட்டன. கோட்டின் மேல் எங்கே நிற்கிறோம் என்பதுதான் இன்னும் தெரியாது. வடக்கே திரும்பி, வேறொரு குன்றையும் ஒரு பனையையும் அதேபோல் நேராக்கினால் இரண்டாவது கோடு கிடைக்கும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளி ஒன்றே ஒன்றுதான். நாளைக்கு வந்தாலும் பத்து வருடம் கழித்து வந்தாலும் அதே இடத்தில் நிற்கலாம். கடலடிப் பாறைத் திட்டைப் பாரு என்பார்கள்; பாருக்குப் பாரு கணிச்சக்காரர் மனத்தில் வைத்திருப்பது இப்படிப்பட்ட இரண்டிரண்டு சோடிக் குறிகளைத்தான்.

இது தோராய வேலை என்று நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கரையில் ஒரு கோயில் கோபுரம், அதற்கு முப்பது கிலோமீட்டர் பின்னால் ஒரு மலைமுகடு, வள்ளம் கோபுரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் கடலுக்குள். வள்ளம் ஐம்பது மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் கோபுரம் முகட்டிலிருந்து விலகித் தெரியும் அளவு, முழுநிலாவின் விட்டத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. நல்ல கண்ணுக்கு அது தாராளமாகத் தெரியும். அதில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பிடிபடும். அலையில் ஆடும் வள்ளத்தில் துல்லியம் குறையும்தான், இருந்தாலும் ஒரு பாறைத் திட்டைப் பிடிக்க அது போதும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடக்கூடக் கோடு கூர்மையாகும். இரு கோடுகளும் செங்குத்தாக வெட்டினால் புள்ளி கூர்மையாகும். ஆகவே எந்தக் குறியை எதோடு சேர்ப்பது என்பதிலேயே ஒருவரின் தரம் தெரிந்துவிடும். குமரிக் கரைக்கு இதில் இயற்கை தந்த வாய்ப்பு பெரிது. மேற்குத் தொடர்ச்சி மலை கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து முடிவதால், கரையோரத் தென்னைக்கும் மாதா கோயிலுக்கும் பின்னால் மருந்துவாழ் மலையும், அதற்கும் பின்னால் உள்நாட்டு முகடுகளும் அடுக்கடுக்காக நிற்கின்றன. 1,868 மீட்டர் உயர அகத்தியமலை, வானம் தெளிந்திருந்தால், கணக்குப்படி நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளியும் தலைகாட்டும். வள்ளத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை என்பதை நினைத்தால், உயரமான பின்குறியின் அருமை புரியும்.

விடியல் நேரத்துக்கும் இதில் பங்கு உண்டு. பாயை நம்பிய காலத்தில் இரவின் கரைக்காற்று கட்டுமரத்தை வெளியே தள்ளும், பிற்பகலின் கடற்காற்று திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். அந்த ஒழுங்கு எந்திரம் வந்த பிறகும் பழக்கமாய் நிலைத்துவிட்டது. ஆனால் கணிச்சத்துக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. இருட்டில் விண்மீனையும் காற்றையும் வைத்துக்கொண்டு ஏறக்குறைய சரியான இடத்துக்குப் போய்விடலாம். மீதிக்கு வெளிச்சம் வேண்டும். கிழக்கு வெளுக்கும்போது மலைகளின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் தெரியும். வெயில் ஏறினால் மூட்டம் கட்டி முகடுகள் கலங்கிவிடும். கலவா சுறுசுறுப்பாக இரை எடுப்பதும் அந்த மங்கல் வெளிச்சத்தில்தான். குறியும் மீனும் ஒருசேரக் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நள்ளிரவு தாண்டியதும் கரையில் ஆள் நடமாட்டம் தொடங்குகிறது.

புள்ளியைப் பிடித்ததோடு முடியவில்லை. வள்ளம் பாறைக்கு மேலே நின்றால் தூண்டில் பாறையில் விழும் என்று நினைப்பது தரைவாசியின் கணக்கு. நடுவில் எண்பது தொண்ணூறு மீட்டர் தண்ணீர் இருக்கிறது, அது ஓடிக்கொண்டிருக்கிறது. மேல்நீர் ஒரு பக்கமும் அடிநீர் வேறு பக்கமும் போகும் நாட்களும் உண்டு. நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று பார்த்து, அதற்கு எதிராக வள்ளத்தை அந்த அளவு தள்ளி நிறுத்தினால்தான் தூண்டிலின் ஈயக்குண்டு சாய்வாக இறங்கிப் பாறையில் போய்ச் சேரும். ஈயம் தரை தொடும் கணத்தில் விரலுக்குச் செய்தி வரும்: சேற்றில் அமுங்கும், மணலில் மெத்தென்று உட்காரும், பாறையில் ‘டக்’கென்று தட்டி உருளும். வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் கிடங்குகளில் தரம் பிரிப்பவர் கையை ஓட்டிய மாத்திரத்தில் தோலின் குணத்தைச் சொல்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த விரலறிவில் நம்பிக்கை வரும். சாளைத் துண்டோ கணவாயோ குத்திய முள்ளைத் தரையிலிருந்து ஒரு பாகம் தூக்கிப் பிடிக்க வேண்டும். கீழே விட்டால் பாறையில் மாட்டும், அதிகம் தூக்கினால் கலவா எட்டிப் பார்க்காது. கடித்ததும் அது செய்யும் ஒரே காரியம் பொந்துக்குள் திரும்புவது. நுழைந்துவிட்டால் துடுப்பும் செவுள்மூடியும் விரித்துக்கொண்டு இறுகிவிடும், தங்கூசி நூல் பாறையில் உரசி அறும். ஆகையால் முதல் இரண்டு பாகம்தான் போட்டி முழுவதும். அந்த இரண்டு பாகத்தை ஒரே மூச்சில் தூக்கிவிட்டால் பிறகு கலவா அதிகம் போராடாது. மேலே வரவர அழுத்தம் குறைந்து, காற்றுப்பை உப்பி, தானே மிதக்கத் தொடங்கும். முரட்டுப் பலம் தேவைப்படுவது அந்தச் சில நொடிகளுக்கு மட்டும். அதையும் முன்கூட்டியே அறிந்து கையை ஆயத்தமாக வைத்திருப்பது பலத்தில் சேராது.

இன்றைக்கு ஜி.பி.எஸ். கருவியும் எதிரொலிமானியும் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குமரி மாவட்டத்தின் ஆழ்கடல் தூண்டில்காரர்களே அவற்றை வரவேற்று வாங்கியவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. மலை மறையும் தூரத்துக்குப் போகிறவருக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் ஒரு தகவலை நினைவில் வைக்கலாம். 2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். குறிகையை வேண்டுமென்றே மழுக்கி வைத்திருந்தது. பிழை நூறு மீட்டர் வரை வரும். அதாவது அதுவரை, மலை தெரியும் தூரத்தில், ஒரு கோயில் கோபுரமும் ஒரு முகடும் செயற்கைக்கோள்களை விடத் துல்லியமாக இருந்தன. இன்று கருவி முந்திவிட்டது உண்மை. அது தருவது இடத்தின் எண்ணை. அந்த எண்ணில் நீவாடு இல்லை, எந்த மாதத்தில் அந்தப் பாரில் மீன் தங்கும் என்பது இல்லை, தரையின் குணம் இல்லை. கணிச்சம் கற்றவர் இவை அனைத்தையும் ஒரே பாடமாகக் கற்றார். எண் வாங்கியவர் மீதியைத் தனியாகக் கற்க வேண்டியிருக்கிறது, பலர் கற்காமலே விட்டுவிடலாம்.

இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. பழைய முறை கடலைக் காத்தது என்று சொல்வது பொய், அவர்களால் அதற்குமேல் பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான் என்பார்கள். இதை நான் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். தூண்டிலும் தீங்கற்றதல்ல. கலவாக்களில் பல இனங்கள் பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறுபவை. பெரிய மீனாகப் பார்த்துப் பிடித்தால் ஒரு பாரின் ஆண்களையே காலி செய்துவிடலாம். ஆனால் தேடும் வேலை எளிதானால் என்ன ஆகும் என்பதற்குக் காட் மீனே சாட்சி. நூற்றாண்டுக் கணக்கில் சிறு படகுகளுக்கு ஈடுகொடுத்த நியூஃபவுண்ட்லாந்துக் கடலில், ஒலிமானியோடு வந்த இழுவைக் கப்பல்களுக்குப் பின் மீனுக்கு ஒளிய இடமில்லாமல் போனது. 1992 ஜூலை 2ஆம் தேதி கனடா அந்த மீன்பிடிப்பையே நிறுத்தியது. குமரிக்குத் தெற்கே கிடக்கும் வேட்ஜ் மேட்டின் மேல் இந்தியாவின் உரிமையை 1976இல் இலங்கையோடு செய்த ஒப்பந்தம் உறுதிசெய்தது. ஆனால் நாட்டுக்கு உரிமை கிடைத்ததோடு மேட்டுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. கணிச்சக்காரருக்கும் இழுவைமடிக்கும் உள்ள வேறுபாடு நல்லவர் கெட்டவர் என்பதல்ல. ஒருவர் தன் பாருக்குத் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும். மற்றது அதை உரசிக்கொண்டு கடந்து போய்விடும். இந்தக் கரையின் மீனவர்கள் கல்லும் மரமும் தென்னையோலையும் இறக்கித் தாங்களே செயற்கைப் பார்களை உண்டாக்கியிருக்கிறார்கள். கணிச்சம் கட்டித் திரும்பி வர முடிந்தால்தான் ஒருவர் கடலுக்கடியில் முதலீடு செய்வார்.

வறுமையையும் ஆபத்தையும் அழகென்று பாடுவதா என்று கேட்பவர்களும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இந்தக் கரையிலிருந்து கொண்டுபோன உயிர்களை நினைத்தால் அந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது. எச்சரிக்கைக் கருவியும் தொலைத்தொடர்பும் மீட்புக் கப்பலும் எல்லோருக்கும் வேண்டும், அதில் பேரம் இல்லை. நான் ரசிப்பது ஆபத்தை அல்ல, அறிவை. பள்ளியில் முக்கோணவியல் படித்தவர்களைக் கல்விமான்கள் என்கிறோம். அதே முக்கோணத்தை நாள்தோறும் ஆடும் தளத்தில் தீர்ப்பவர்களைக் ‘கடினமான உழைப்பாளிகள்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறோம். அந்த இரக்கத்தில் ஒரு மதிப்புக் குறைவு ஒளிந்திருக்கிறது.

இந்த அறிவை எழுதி வைப்பதில் ஒரு சிக்கல்: நல்ல பாரின் கணிச்சம் குடும்பச் சொத்து. பக்கத்து வள்ளம் வந்தால் இடத்தை விட்டு விலகி நிற்பவர்கள் அதை ஆவணக்காரரிடம் கொடுக்க மாட்டார்கள், கேட்பதும் முறையல்ல. ஆனால் ரகசியம் அந்தந்தப் பாரின் குறிகளில்தான் இருக்கிறது, முறையில் இல்லை. முறையை, குறிகளைத் தேர்ந்தெடுக்கும் அறிவை, நீவாட்டுக் கணக்கை, கடலோரப் பள்ளிகளின் வடிவியல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கலாம். கரையின் நிலையையும் பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் குறிகள் கரையில் இருக்கின்றன. முன்குறியான தென்னை விழுந்தாலோ, ஒரு மாடிவீடு எழுந்து கோபுரத்தை மறைத்தாலோ, இருபது கிலோமீட்டர் கடலுக்குள் ஒரு பாரு முகவரி இழக்கிறது; வெட்டியவருக்கும் கட்டியவருக்கும் அது தெரியப்போவதில்லை. மாற்றுக்குறி தேட, பழைய குறி இருக்கும்போதே அந்த இடத்தில் போய் நின்று வேறு சோடியைக் கண்டு வைக்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகளும் கரையோரச் செல்போன் கோபுரங்களும் அதற்கு நன்றாகவே உதவும்: உயரமானவை, மெல்லியவை, இரவில் விளக்கு எரிபவை.