மனோரமாவின் நகைச்சுவை: ஒரு மதிப்பீடு

ஆச்சி மனோரமா (26 மே 1937 – 10 அக்டோபர் 2015) தமிழ் நாடக மேடையிலும் திரையிலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடித்த நகைச்சுவை, குணச்சித்திர நடிகை. அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒன்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார் என்பது. மற்றொன்று, அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமராவ் என முதலமைச்சர்களான ஐவருடன் நடித்தார் என்பது. இரண்டும் உண்மையே. ஆனால் இவற்றை மட்டும் படிக்கும் மாணவருக்கு, அவர் எப்படிச் சிரிக்க வைத்தார் என்பது தெரியாமலே போய்விடும். எண்ணிக்கை உழைப்பைக் காட்டும், கலையைக் காட்டாது.

மேடையில் பெற்ற பயிற்சி

இயற்பெயர் கோபிசாந்தா. பிறந்த ஊர் ராஜமன்னார்குடி. வறுமையின் காரணமாகத் தாயார் ராமாமிர்தத்துடன் காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூரில் குடியேறினார். செட்டிநாட்டில் வளர்ந்ததால்தான் ‘ஆச்சி’ என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு வயதில் நாடகத்துக்கு வந்தார். பின்னர் எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழுவில் நடித்தார்.

மேடையில் மறுபதிவு கிடையாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வசனம் கேட்க வேண்டும். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வரியைச் சொல்ல வேண்டும். மனோரமாவின் வசன உச்சரிப்பில் உள்ள தெளிவும், எதிரில் இருப்பவர் பேசும்போது முகத்தால் பதில் சொல்லும் பழக்கமும் அங்கே கற்றவை.

1958இல் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ அவரது முதல் படம். அதில் கிடைத்தது நகைச்சுவை வேடம். கதாநாயகியாக வேண்டும் என்ற ஆசை இருந்த வயதில் அதை ஏற்கத் தயங்கியதாகவும், நகைச்சுவை நடிகைக்கே நீண்ட காலம் இடமிருக்கும் என்று கண்ணதாசன் ஊக்கம் தந்ததாகவும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1963இல் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆனால் நிலைத்தது முதல் வழிதான்.

ஜோடியிலிருந்து தனி இடத்துக்கு

அவருக்கு முன்பிருந்த நகைச்சுவை நடிகைகளை நாம் ஜோடியாகவே நினைக்கிறோம். என்.எஸ்.கிருஷ்ணன் என்றால் டி.ஏ.மதுரம், காளி என்.ரத்தினம் என்றால் சி.டி.ராஜகாந்தம். மனோரமாவும் நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், எங்கள் தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தில் பிறந்த சுருளிராஜன் எனப் பலருடன் சேர்ந்து நடித்தார். ஆனால் எவருடைய ஜோடியாகவும் அவர் முடிந்துவிடவில்லை. சுருளிராஜன் 1980இல் மறைந்தார். மற்ற நகைச்சுவை நடிகர்களின் காலமும் மாறியது. மனோரமா மட்டும் அடுத்த தலைமுறைக் கதாநாயகர்களுக்குத் தாயாகவும் பாட்டியாகவும் தொடர்ந்தார்.

பேச்சு வழக்கே நடிப்பு

மனோரமாவின் பெரிய பலம் வட்டார வழக்கு. ‘அனுபவி ராஜா அனுபவி’யில் (1967) தூத்துக்குடித் தமிழ், ‘பொம்மலாட்டம்’ (1968) படத்தில் சென்னைத் தமிழ், ‘சின்ன கவுண்டர்’ (1992) படத்தில் கொங்குத் தமிழ். ‘பொம்மலாட்டம்’ பாட்டை அவரே பாடினார்.

வருசநாட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் பேசும் பேச்சை வகுப்பில் பேசக் கூச்சப்படுவதை ஆசிரியர்கள் அறிவோம். சினிமாவில் கிராமத்துப் பேச்சு பெரும்பாலும் கேலிக்குத்தான் பயன்பட்டது என்பதும் அதற்கொரு காரணம். மனோரமாவுக்கு எழுதிக் கொடுத்த வசனங்களிலும் அந்தக் கேலி உண்டு. ஆனால் அவர் பேசும்போது அந்தப் பாத்திரம் தன் பேச்சைக் குறித்து வெட்கப்படுவதில்லை. ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) படத்து வேலைக்காரி கண்ணம்மாவைப் பாருங்கள். பெருமை பேசும் பெரிய மனிதரை அவள் வாயடைக்க வைப்பது திருத்தமான தமிழால் அல்ல. தன் தெருத் தமிழால்தான். அங்கே சிரிப்பு கண்ணம்மாவின் பக்கம் நின்று எழுகிறது.

ஜில் ஜில் ரமாமணி

ஏ.பி.நாகராஜனின் ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் வரும் ஜில் ஜில் ரமாமணி அவரது நடிப்பின் உச்சம். சிவாஜி கணேசனும் பத்மினியும் கலைஞர்களுக்கே உரிய கர்வத்தோடு மோதிக்கொள்ளும் கதை அது. ஊர் ஊராகச் சென்று கூத்தாடும் ரமாமணிக்கு அந்தக் கர்வம் கிடையாது. மினுக்கும் உடை, குழையும் பேச்சு, ஓயாத ஆட்டம் என்று முதலில் அவளைப் பார்த்துச் சிரிக்கிறோம். சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாதஸ்வரத்தை அவள் வியக்கும்போது சிரிப்போடு மரியாதையும் சேர்கிறது. நல்ல இசையை அறிந்தவள் அவள். ஆனால் அவளுடைய கலையைப் பெரிய கலை என்று சொல்ல ஆளில்லை. அவர்மேல் அவளுக்கிருக்கும் அன்பையும் விளையாட்டுப் பேச்சுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறாள். நாடகக் குழுக்களில் வளர்ந்த மனோரமாவுக்கு இப்படிப்பட்ட பெண்களை நேரில் தெரியும். அதனால்தான் அந்த வேடம் பொம்மையாகாமல் மனுஷியாக நிற்கிறது.

குறைகளும் சொல்லப்பட வேண்டும்

அவருக்குக் கிடைத்த வேடங்கள் எல்லாம் அவருடைய தகுதிக்கு ஏற்றவை அல்ல. உருவத்தையும் வயதையும் கேலி செய்யும் காட்சிகள் நிறைய உண்டு. ‘சின்ன கவுண்டர்’ படத்தில் எடுப்பான பல் வைத்தார்கள். ‘நடிகன்’ (1990) படத்தில் வயதான பின்னும் திருமணமாகாத பெண்ணுக்குக் காதல் வருவதே நகைச்சுவையாக்கப்பட்டது. அந்தப் பெண்ணின் வெட்கத்தையும் எதிர்பார்ப்பையும் மனோரமா உண்மையாக நடித்ததால், சிரிக்கும்போதே மனம் சற்று உறுத்துகிறது. அந்த உறுத்தல் திரைக்கதை தந்ததல்ல, அவர் தந்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. மனோரமா திரைக்கு வந்த அதே 1958இல் இங்கிலாந்தில் ‘கேரி ஆன்’ நகைச்சுவைப் பட வரிசை தொடங்கியது. அதில் ஹாட்டி ஜாக்ஸ் என்ற நடிகை, பருத்த உடலும் அதிகாரக் குரலும் கொண்ட தலைமைச் செவிலியாகப் பல படங்களில் வந்தார். மக்கள் அவரை மிகவும் நேசித்தார்கள். ஆனால் அந்த உருவத்தைத் தாண்டிய வேடங்கள் திரையில் அரிதாகவே கிடைத்தன. மனோரமா இவ்வகையில் பாக்கியசாலி. ‘சின்னத் தம்பி’, ‘ஜென்டில்மேன்’ போன்ற படங்களில் அழ வைக்கவும் அவருக்கு வாய்ப்பு வந்தது.

விருதுகளும் ஒரு கேள்வியும்

‘புதிய பாதை’ (1989) படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதும், 2002இல் பத்மஸ்ரீயும் பெற்றார். ஆனால் ‘புதிய பாதை’ நகைச்சுவைப் படமல்ல. சிரிக்க வைத்தவர் அழ வைத்தால்தான் நடிப்பு என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஜில் ஜில் ரமாமணிக்கு அந்தத் தேசிய விருது கிடைக்கவில்லை என்பதை மாணவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அவரை அறிய விரும்புவோர் ஆயிரம் படங்களையும் தேட வேண்டியதில்லை. ‘அனுபவி ராஜா அனுபவி’, ‘தில்லானா மோகனாம்பாள்’, ‘சம்சாரம் அது மின்சாரம்’, ‘நடிகன்’ ஆகிய நான்கையும் இதே வரிசையில் பார்க்கலாம். முதல் முறை சிரித்துவிட்டு, இரண்டாம் முறை மற்றவர்கள் பேசும்போது மனோரமாவின் முகத்தை மட்டும் கவனியுங்கள்.