ஃபேன் சுழலாத கேபினட்டை ரசிப்பது எப்படி?

1984-ல் வந்த முதல் மெக்கின்டாஷ் கணினிக்குள் ஃபேன் கிடையாது. சத்தம் கூடவே கூடாது என்பதில் ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதமாக இருந்தார். உள்ளே உண்டாகும் சூடு, பெட்டியின் மேல்பக்கக் கீற்றுகள் வழியாகத் தானாக வெளியேற வேண்டும். அது போதவில்லை என்று நினைத்தவர்களுக்காக, அந்தக் கீற்றுகளின் மேல் நிறுத்தி வைக்க அட்டையால் செய்த புகைபோக்கி ஒன்று அந்தக் காலத்தில் விற்பனைக்கு வந்தது. அந்த அட்டைக்குப் பின்னால் இருந்த இயற்பியல் அசலானது. ஓசையில்லாத கேபினட்டை ரசிக்க விரும்புகிறவர் அங்கிருந்தே தொடங்கலாம்.

செங்கல் சூளையின் புகைபோக்கியை அவ்வளவு உயரமாகக் கட்டுவதற்கு இழுவையும் ஒரு காரணம். சூடான காற்று லேசானது. வெளியே இருக்கும் குளிர்ந்த காற்று கனமானது. குழாய் உயர உயர இந்த எடை வித்தியாசம் கூடும், காற்று வேகமாக மேலேறும். ஃபேன் இல்லாத கேபினட்டில் காற்றை நகர்த்துவது இந்த இழுவை ஒன்றுதான்.

அது எவ்வளவு மெல்லிய சக்தி என்று தெரிந்தால்தான் ரசனை பிறக்கும். 45 செ.மீ. உயரமுள்ள டவர் கேபினட்டில் உள்காற்று வெளிக்காற்றைவிட 10 டிகிரி சூடாக இருந்தால், கிடைக்கும் இழுவை 0.2 பாஸ்கலுக்கும் குறைவு. சாதாரண 120 மி.மீ. ஃபேனால் 10 பாஸ்கலுக்கு மேல் அழுத்தம் தர முடியும். ஐம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம்! ஃபேன் பொருட்படுத்தாமல் ஊதித் தள்ளிவிடும் டஸ்ட் ஃபில்டர், இந்த இழுவைக்குச் சுவராகிவிடும். அதே நேரம் 65 வாட் சூட்டை 10 டிகிரி வித்தியாசத்தில் வெளியேற்ற, நொடிக்கு சுமார் ஐந்தரை லிட்டர் காற்று போய்வர வேண்டும். இவ்வளவு பலவீனமான இழுவையை நம்பி அவ்வளவு காற்றை நடத்திக்காட்டும் கேபினட்டில் ஒவ்வொரு துளைக்கும் கணக்கு உண்டு.

கடையில் எல்லோரும் முன்பக்கக் கண்ணாடியையும் விளக்குகளையும் பார்ப்பார்கள். நீங்கள் பெட்டியைச் சாய்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே எவ்வளவு திறப்பு இருந்தாலும், கீழே காற்று நுழைய வழியில்லாவிட்டால் பயனில்லை. அடியில் அகலமான திறப்பு இருக்கிறதா? கால்கள் பெட்டியைத் தரையிலிருந்து இரண்டு விரல்கடையாவது தூக்கி நிறுத்துகின்றனவா? துளைகள் அறுகோணமாக இருந்தால் நல்லது. இடையிலுள்ள தகட்டின் அகலம் ஒன்றாகவே இருந்தாலும் வட்டத் துளையைவிட அதிக இடம் திறந்திருக்கும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கேபினட் என்றால், கால்களுக்கு அடியில் உயரமான ரப்பர் புஷ் வைப்பதுதான் மிக மலிவான முன்னேற்றம்.

காற்றைக் கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. கணினியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சீலிங் ஃபேனை நிறுத்தி, கதவு ஜன்னலைச் சாத்துங்கள். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, கீழ்த் திறப்புக்கு வெளியே ஓரமாகப் பிடியுங்கள். புகைக்கோடு முதலில் நேராக ஏறும். பிறகு இடுப்பு ஒடிந்து திறப்பை நோக்கி வளைந்து உள்ளே இழுபடும். இழுபடாமல் பெட்டியின் பக்கவாட்டை ஒட்டி மேலேறினால், வழி எங்கோ அடைபட்டிருக்கிறது. பாதி உயரத்தில் உள்ள இடுக்குகளிலும் பிடித்துப் பாருங்கள். புகை அங்கே வெளியே தள்ளப்பட்டால், சூடான காற்று முழு உயரம் ஏறாமல் நடுவழியிலேயே தப்பிப் போகிறது. உயரம்தான் இழுவை என்பதால் அது நஷ்டம். அட்டையும் டேப்பும் போதும், அடைத்துவிடலாம். பத்தியை உள்ளே மட்டும் நீட்ட வேண்டாம். சாம்பல் மதர்போர்டில் விழும்.

வழியில் குறுக்கே நிற்பது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு. வழக்கமான டவரில் அது பரண் பலகை மாதிரி படுத்துக் கிடந்து, ஏறும் காற்றை மறிக்கும். 2008-ல் சில்வர்ஸ்டோன் நிறுவனம் தன் ரேவன் கேபினட்டில் மதர்போர்டை 90 டிகிரி திருப்பியது. கார்டு செங்குத்தாக நின்றது, கேபிள் சொருகும் இடம் பெட்டியின் உச்சிக்குப் போனது. அதில் ஃபேன்கள் இருந்தன. ஆனாலும் காற்றின் போக்கை மதித்துப் பெட்டியைத் திருப்பிய அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்தக் கலையின் உச்சம் என்று நான் கருதுவது 2000-ல் ஆப்பிள் வெளியிட்ட பவர் மேக் ஜி4 கியூப். பளிங்கு போன்ற அக்ரிலிக் கூட்டுக்குள் கணினி தரையைத் தொடாமல் நிற்கும். நடுவில் செங்குத்தான காற்றுப் பாதை. கீழே நுழைந்து உச்சித் துளைகளில் வெளியேறும். எஸ்எம்பிஎஸ் தன் சூட்டோடு பெட்டிக்கு வெளியே தனியாக வைக்கப்பட்டது. விற்பனை சரியாகப் போகாமல் அடுத்த ஆண்டே உற்பத்தி நின்றது. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது.

அடுத்து ஹீட் சிங்க். ஃபேனோடு வேலை செய்யும் ஹீட் சிங்கில் தகடுகள் நெருக்கமாக இருக்கும். தானாக ஏறும் மந்தமான காற்று அந்த இடுக்குகளில் நகராது; ஒரு சாண் உயரத் தகடுகளுக்கு இடையில் 7, 8 மி.மீ. இடைவெளி வேண்டும். 2021-ல் வந்த நாக்டுவா நிறுவனத்தின் என்ஹெச்-பி1 ஹீட் சிங்க் அப்படிப்பட்டது: ஒரு கிலோவுக்கு மேல் எடை, தடித்த தகடுகள், தாராளமான இடைவெளி. அனோடைஸ் செய்த அலுமினியத்தையும் கவனியுங்கள். பளபளக்கும் வெறும் அலுமினியத்தைவிட அது பல மடங்கு சூட்டைக் கதிராக வெளிவிடும். அந்த வேலையைச் செய்வது மேல்பரப்பில் உள்ள ஆக்சைடு படலம். கறுப்பு நிறம் கண்ணுக்கு மட்டும்தான்.

ஃபேன் நின்றதும் புதிய ஒலிகள் கேட்கும். திரையில் ஒரு பக்கத்தை வேகமாக நகர்த்தும்போது மெல்லிய கீச்சொலி எழுந்து அடங்கும். மின்சுமை மாறும்போது மதர்போர்டிலோ கிராபிக்ஸ் கார்டிலோ உள்ள காயில்கள் அதிரும் ஓசை அது. பழுது என்று பயப்பட வேண்டாம்.

நம் வெயிலை மறந்துவிட்டு எதையும் வாங்கக் கூடாது. 22 டிகிரி அறையில் 70-ல் நிற்கும் பிராசஸர், மே மாத மதுரையில் 36 டிகிரி அறையில் 84-ஐத் தொடும். கோடைக்கு மட்டும் பயாஸில் மின்வரம்பைக் குறைத்து வைக்கலாம். அதற்கு மேலும் தேவைப்பட்டால் 140 மி.மீ. ஃபேன் ஒன்றை நிமிடத்துக்கு 400, 500 சுற்றில் ஓடவிடுவதில் தவறே இல்லை. கியூபின் அடியில்கூட ஃபேன் பொருத்த இடம் இருந்தது. ஃபேனைக் கீழே வைத்து மேல்நோக்கி ஊதவிடுங்கள். அப்போது ஃபேனும் இழுவையும் ஒரே திசையில் வேலை செய்யும்; ஐப்பசி மழையில் ஃபேனை நிறுத்தினாலும் காற்று அதே பாதையில் ஏறிக்கொண்டிருக்கும்.